தையில் ஒட்டிய மை சித்திரையில் ஏன் உரிகிறது?

வாசகர் கடிதம்:

காரைக்குடியில் பழைய நகரத்தார் வீடு ஒன்றின் பின்கட்டை வாடகைக்கு எடுத்து, ரப்பர்போல் வளையும் தகட்டால் அச்சிடும் இரண்டு நிற ஃப்ளெக்ஸோ இயந்திரத்தில் பலகாரக் கடைகளுக்குப் பவுச் அச்சிட்டுத் தருகிறேன். தை மாதம் பத்து ரோல் எல்டிபிஇ என்ற பாலிஎத்திலீன் ஃபிலிம் மலிவாகக் கிடைத்தது. 50 மைக்ரான், அரை மீட்டர் அகலம். உள்ளே இடம் போதாமல் பின்முற்றத்துத் தகரக் கொட்டகையில் அடுக்கிவைத்தேன். பொங்கல் முடிந்த கையோடு நான்கு ரோல் ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. சித்திரையில் மீதியை எடுத்தால், அச்சு பார்க்க அழகாக விழுகிறது, ஆனால் செல்லோ டேப்பை ஒட்டி இழுத்தால் மை அப்படியே டேப்போடு வந்துவிடுகிறது. எனக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் ஆச்சி, "கடைப் பெயர் வாங்குகிறவர் கையில் இருக்கிறது, பையில் இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

மையை மாற்றினேன். தின்னரைக் குறைத்தேன். கடைசியில், ஃபிலிமை மின்சாரத்தால் மை பிடிக்கும்படி பதப்படுத்தும் 1.5 கிலோவாட் கொரோனா ட்ரீட்டர் ஒன்றைப் பழையதாக வாங்கி, முழு அளவில் வைத்து நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் ஓட்டுகிறேன். இப்போது மை ஓரளவு நிற்கிறது. ஆனால் சுற்றிய ரோல் ஒட்டிக்கொள்கிறது. பிரித்தால் உள்பக்கத்தில் மை திட்டுத் திட்டாகப் படிந்திருக்கிறது. பவுச்சின் ஓரத்தைச் சூட்டில் ஒட்டும் சீலும் சரியாக விழவில்லை. வெள்ளி நிறப் பவுச்சில் அச்சிடலாமா என்று ஆச்சி கேட்கிறார். கேஸ் தீயைக் காட்டினால் போதும் என்கிறார் நண்பர் ஒருவர். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மற்றவை பிறகு. உள்பக்கத்தில் மை படிந்த பவுச் ஒன்றிரண்டாவது ஆச்சியின் கடைக்குப் போயிருந்தால் இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள். முறுக்கும் சீப்புச் சீடையும் எண்ணெயில் வெந்தவை; அந்த எண்ணெய் மையைத் தொட்டால் சும்மா இருக்காது. உணவுப் பொட்டலத்துக்கான அச்சு மைக்கு ஐஎஸ் 15495 என்று தனித் தரக்குறிப்பே உண்டு. அந்தத் தரத்தில் செய்த மையாகவே இருந்தாலும், அச்சிட்ட பக்கம் உணவில் படக்கூடாது என்று 2018ஆம் ஆண்டின் பொட்டல விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அந்த ரோல்களைக் கழித்துவிடுங்கள். துடைத்துப் பயன்படுத்தலாமா என்று யோசிக்க வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதே இயந்திரம், அதே மை, அதே ரோல். தையில் ஒட்டியது, சித்திரையில் ஒட்டவில்லை. நடுவில் மாறியது எது? தகரக் கொட்டகையில் கிடந்த மூன்று மாதம். காலில் முள் குத்தியிருக்க நீங்கள் கைக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தீர்கள். மையின் மேல் பழியைப் போடாதீர்கள், பாவம்.

பாலிஎத்திலீன் பிறவியிலேயே எதையும் ஒட்டவிடாத பொருள். நன்றாகப் பழகிய தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பின் ஆற்றலை டைன் கணக்கில் சொல்வோம்; எண் ஏற ஏற ஒட்டுவது எளிது. பதப்படுத்தாத பாலிஎத்திலீனுக்கு ஏறக்குறைய 31. பாலிபுரொப்பிலீனுக்கு அதைவிட ஒன்றிரண்டு குறைவு. பாலியெஸ்டருக்கு 42, 43 வரை. திரவத்துக்கும் பரப்பு இழுவிசை என்று இதே கணக்கு உண்டு; அது ஃபிலிமின் எண்ணைவிடக் கூடினால் திரவம் பரவாமல் திரளும். தண்ணீரின் இழுவிசை 72. அதனால்தான் பாலிதீன் பையின் மேல் தண்ணீர் சேம்பு இலையில் உருள்வதுபோல் உருள்கிறது. கரைப்பான் மை நன்றாக ஒட்ட ஃபிலிமுக்கு 38 ஆவது வேண்டும். தண்ணீர் மை என்றால் 40க்கு மேல் போவது நல்லது.

இங்கேதான் உங்களை ஏமாற்றிய விஷயம் இருக்கிறது. அச்சு அழகாக விழுகிறது, பிறகு உரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மையில் இருப்பது ஆல்கஹாலும் எத்தில் அசிடேட்டும். அவற்றின் இழுவிசை 22, 24 என்ற அளவில்தான். 31 டைன் ஃபிலிமின் மேலும் அது தாராளமாகப் பரவும். பரவுவது வேறு, பற்றுவது வேறு. கரைப்பான் ஆவியான பிறகு எஞ்சும் மைப்படலத்துக்குப் பிடித்துக்கொள்ளக் கீழே ஒரு கொக்கியும் இல்லையென்றால், அது தரையில் விரித்த பாய்தான். யார் இழுத்தாலும் வரும். தண்ணீர் மை வைத்திருந்தால் முதல் மீட்டரிலேயே முத்து முத்தாகத் திரண்டு காட்டிக்கொடுத்திருக்கும். கரைப்பான் மை நல்லவன்போல் நடித்துவிட்டது.

அந்தக் கொக்கிகளைப் போடுவதுதான் கொரோனா ட்ரீட்மெண்ட். 1951இல் டென்மார்க்கைச் சேர்ந்த வெர்னர் ஐஸ்பி என்ற பொறியாளர் கண்ட வழி. ஃபிலிமுக்கு மேலே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு மின்முனை. பல ஆயிரம் வோல்ட், உயர் அதிர்வெண். இடையிலுள்ள காற்று ஊதா நிறத்தில் ஒளிர்ந்து உடைகிறது. உடைந்த ஆக்சிஜன், ஃபிலிமின் மேல்தோலில் உள்ள கார்பன் சங்கிலியில் போய் ஒட்டிக்கொள்கிறது. மை பற்றுவது அந்த ஆக்சிஜன் இருக்கும் இடங்களில்தான். எவ்வளவு ஆழம் என்று கேட்டால் சிரிப்பீர்கள்: 10 நானோமீட்டர்கூட இருக்காது. உங்கள் 50 மைக்ரான் ஃபிலிமில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குதான் ஆச்சியின் கடைப் பெயரைத் தாங்குகிறது.

நீங்கள் வாங்கிய ரோல்களுக்கு ஃபிலிம் ஆலையிலேயே இது செய்யப்பட்டிருந்தது. தையில் ட்ரீட்டர் இல்லாமலே ஒட்டியதற்குக் காரணம் அதுதான். ஆனால் ட்ரீட்மெண்ட் நெய் மாதிரி வைத்து வைத்துப் பயன்படுத்தும் சரக்கு அல்ல. தயிர் மாதிரி, நாள் கணக்கு உண்டு. மேலே போட்ட ஆக்சிஜன் கொக்கிகள் மெல்ல மெல்லத் திரும்பி ஃபிலிமுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். வெயில் ஏற ஏற இது வேகமாகும். சிவகங்கைச் சீமையின் சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் என்ன சூடு இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய எதிரி ஸ்லிப். ஃபிலிம் வழுக்கிக்கொண்டு ஓடவும், பை வாய் எளிதில் பிரியவும், ஆலையில் குருணையோடு எருக்கமைடு போன்ற ஒரு மெழுகுப்பொருளைச் சேர்ப்பார்கள். கடுகு எண்ணெயில் இருக்கும் எருசிக் அமிலத்தின் வாரிசு அது. ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே போடுவார்கள். ஆனால் அது போட்ட இடத்தில் இருக்காது. நாள் ஆக ஆக உள்ளிருந்து கசிந்து மேலே வந்து படியும். அப்படி வருவதற்காகவே போடுவதும். உருக்கிய குருணையைக் குமிழாக ஊதி ஃபிலிமாக எடுத்த சூட்டோடு ட்ரீட் செய்தால் ஸ்லிப் மேலே வருமுன் கொக்கிகள் விழுந்துவிடும். மூன்று மாதம் கழித்து நீங்கள் செய்யும் ட்ரீட்மெண்ட்டோ, ஃபிலிமைத் தொடுவதற்குமுன் அந்த மெழுகைத்தான் தொடுகிறது. மெழுகு ஆக்சிஜன் ஏறி மையைப் பிடிக்கும். ஆனால் மெழுகை யார் பிடித்திருக்கிறார்கள்? மை வரும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடும்.

விலை மலிவாகக் கிடைத்த ரோல் என்றதும் எனக்குத் தோன்றியது இதுதான்: பை தயாரிப்பதற்கென்று ஸ்லிப் கூடுதலாகப் போட்ட சரக்காக இருக்கலாம். உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது.

டைன் அளவு குறித்த திரவம் நிரப்பிய டைன் பேனா என்று விற்கிறார்கள். 34, 36, 38, 40, 42 என ஐந்து பேனா போதும். ரோலின் மேல் சுற்று இரண்டு மூன்றை உரித்து எறிந்துவிட்டு, கை படாத புது இடத்தை மேசையில் விரித்துக்கொள்ளுங்கள். 38 பேனாவை எடுத்து, அழுத்தாமல், விரற்கடை நீளத்துக்கு ஒரே இழுப்பு. ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணுங்கள். கோடு அதற்குள் ஓரங்களிலிருந்து சுருங்கி, நடுவில் அறுந்து, கடுகு மணிகளாகத் திரண்டால் ஃபிலிம் 38க்குக் கீழே. கோடு கோடாகவே நின்றால் 38 அல்லது அதற்கு மேலே. அடுத்த பேனாவுக்குப் போங்கள். போட்ட கோட்டின் மேல் மறுபடி இழுக்காதீர்கள், முனையில் ஸ்லிப் ஏறிவிட்டால் அதன் பிறகு பேனா பொய் சொல்லும். இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் போட்டுப் பாருங்கள். பேனாவுக்குள் இருப்பது பெரும்பாலும் ஃபார்மமைடு கலந்த திரவம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கருவுற்ற பெண்கள் யாராவது வேலைக்கு இருந்தால் அவர்கள் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இப்போது சோதனையின் இரண்டாம் பாதி. கோடு திரண்ட இடத்துக்கு அருகில், ஐசோபுரொப்பில் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடைத்துக் காயவிட்டு, அங்கே அதே பேனாவால் இழுங்கள். துடைத்த இடத்தில் கோடு நிற்கிறது, துடைக்காத இடத்தில் திரள்கிறது என்றால் கீழே ட்ரீட்மெண்ட் இருக்கிறது, ஸ்லிப் மூடியிருக்கிறது. இரண்டு இடத்திலும் திரண்டால் ட்ரீட்மெண்ட்டே போய்விட்டது. இரண்டில் எது என்று தெரிந்துகொண்டு ட்ரீட்டரின் திருகில் கை வையுங்கள்.

உங்கள் ஊரில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, 1953இல் திறந்தது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. அந்தத் துறையில் முலாம் பூசுகிறவர்களுக்கும் இதே கவலைதான். எண்ணெய் போக்கிய தகட்டைத் தண்ணீரில் முக்கி எடுத்துத் தூக்கிப் பிடிப்பார்கள். தண்ணீர் ஒரே திரையாக வழிந்தால் முலாம் தொட்டிக்குப் போகும். எங்காவது திரை கிழிந்தால் மறுபடி கழுவப் போகும். உலோகமோ பிளாஸ்டிக்கோ, மேலே படிய வேண்டியதை முதலில் சொல்வது ஈரம்தான்.

அடுத்து உங்கள் ட்ரீட்டர். 1500 வாட், அரை மீட்டர் அகலம், நிமிடத்துக்கு 30 மீட்டர். வாட்டை அகலத்தாலும் வேகத்தாலும் வகுக்க வேண்டும்: 1500ஐ 15ஆல் வகுத்தால் 100. சதுர மீட்டருக்கு நூறு வாட்-நிமிடம்! ஏற்கெனவே ட்ரீட் ஆகிவந்த பாலிஎத்திலீன் ஃபிலிமை அச்சுக்கு முன் சற்றே தூண்டிவிட 10 முதல் 20 போதும். நீங்கள் காய்ச்சலுக்குக் கஷாயத்தை அண்டாவோடு குடித்திருக்கிறீர்கள். கூடுதலாகப் பொரிந்தால் மேல்தோலில் சங்கிலிகள் துண்டு துண்டாக அறுந்து பிசுபிசுப்பான ஒரு படலம் உண்டாகும். பேனா போட்டுப் பார்த்தால் 46, 48 என்று பெருமையாகக் காட்டும். மை அந்தப் பலவீனமான படலத்தின் மேல் உட்காரும். சுற்றிய ரோலில் அழுத்தமும் சூடும் சேர, அடுத்த சுற்றின் முதுகில் போய் ஒட்டிக்கொள்ளும். சீல் விழாததற்கும் இந்தப் பொரிதலே காரணம். அதிகம் ட்ரீட் ஆன பக்கம் உருகி இணைய அடம்பிடிக்கும். 300 வாட்டுக்கு இறக்குங்கள். கணக்குப் போட்டால் 20 வரும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் வாட் மட்டும் குற்றவாளி இல்லை என்று நினைக்கிறேன். ஃபிலிமின் முதுகில், அதாவது உள்பக்கத்தில், 36 பேனாவை இழுத்துப் பாருங்கள். அங்கே திரள வேண்டும். திரளாமல் நின்றால், ட்ரீட்டர் உருளைக்கும் ஃபிலிமுக்கும் இடையே காற்று புகுந்து அந்தக் காற்றும் பொரிந்து, பின்பக்கமும் ட்ரீட் ஆகியிருக்கிறது. இரண்டு பக்கமும் கை நீட்டினால் நடுவிலுள்ள மை யார் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. பழைய இயந்திரங்களில் ஃபிலிமை உருளையோடு அழுத்தும் ரப்பர் உருளை தேய்ந்திருக்கும், அல்லது இழுவை தளர்ந்து சுருக்கம் விழும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை வாட் குறைத்தாலும் பின்பக்கத் தொல்லை போகாது. திட்டுத் திட்டாகப் படிகிறது என்று நீங்கள் எழுதிய சொல்லே எனக்குச் சுருக்கத்தைத்தான் காட்டுகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு முழு இரவு வேலையைப் பாழாக்கியவன். ஒரு பக்கம் மட்டும் ட்ரீட் ஆன ரோலைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். வெளிப்பக்கம்தான் ட்ரீட் ஆன பக்கம் என்று அதுவரை வந்த ரோல்களெல்லாம் பழக்கியிருந்தன. அன்று வந்தது உள்பக்கம். காலையில் மேஸ்திரி வந்தார், திட்டவில்லை. டம்ளர் தண்ணீரில் விரலை முக்கி ஃபிலிமின் இரண்டு பக்கமும் தெளித்துக் காட்டினார். ஒரு பக்கம் தட்டையாகப் பரவிய துளி, மறுபக்கம் உருண்டு நின்ற துளி. பேனா கையில் இல்லாத நாளில் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க அந்த டம்ளர் இன்றும் போதும்.

கையிலிருக்கும் மீதி ரோல்களுக்கு என் யோசனை இது. துடைத்தால் 38 நிற்கிற ரோலாக இருந்தால், 300 வாட்டில் ஓட்டி, அதே இழுப்பில் அச்சிடுங்கள். ட்ரீட் செய்துவிட்டு நாளை அச்சிடலாம் என்று வைத்தால் ஸ்லிப் மறுபடி வந்துவிடும். நூறு மீட்டர் ஓட்டியதும் நிறுத்தி, டேப் சோதனையை உடனே ஒரு முறையும் 24 மணி நேரம் கழித்து ஒரு முறையும் செய்யுங்கள். டேப்பை நகத்தால் நன்கு தேய்த்து ஒட்டி, பாதியை மெதுவாகவும் மீதியை வெடுக்கென்றும் இழுக்க வேண்டும். மறுநாள் இழுப்பில் தேறினால்தான் தேறியது. துடைத்தும் நிற்காத ரோலோடு மல்லுக்கட்ட வேண்டாம். அச்சில்லாத பையாக விற்றுவிடுங்கள். நஷ்டம்தான். விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள்; மூன்று மாதம் உங்கள் கொட்டகையில் வெந்த சரக்குக்கு அவர் என்ன செய்வார்?

இனி வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் மூன்று விஷயத்தைக் கேளுங்கள்: ஃபிலிமை ஊதி எடுத்த தேதி, ட்ரீட் ஆன பக்கமும் அளவும், ஸ்லிப் குறைவா நடுத்தரமா கூடுதலா. ஆலையிலிருந்து கிளம்பும்போது 40 முதல் 42 வரை இருந்தால் உங்கள் கைக்கு வந்து சில வாரம் கழித்தும் 38 தாங்கும். வண்டியிலிருந்து இறக்கும்போதே ஒரு கோடு இழுத்து, அளவையும் தேதியையும் ரோலின் அட்டையில் எழுதிவையுங்கள். இரண்டு மாத வேலைக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள். முதலில் வந்தது முதலில் ஓட வேண்டும்.

ரோல்களை எங்கே வைப்பது? இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை, காற்றோட்டத்துக்கு முற்றம். வெயில் உள்ளே வராமலிருக்கவே கட்டிய அறைகள். இயந்திரத்தையும் மேசைகளையும் அந்தக் குளிர்ந்த அறைகளில் பரப்பிவிட்டு, ரோல்களைத் தகரத்துக்கு அடியில் தள்ளியிருக்கிறீர்கள். மாற்றுங்கள். காலி அட்டைப் பெட்டியும் பழைய கட்டைகளும் கொட்டகைக்குப் போகட்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நேராக வைக்காமல் மரப்பலகை மேல் வைத்து, உறையைப் பிரிக்காமல் மூடிவையுங்கள். அந்தக் கல்லைக் கண்ணாடியின் மேல் வார்த்து எடுப்பார்கள். கண்ணாடியை விட்டு வழுவழுவென்று கழன்று வருவதால்தான் அந்தப் பளபளப்பு. ஒட்டாமல் கழன்று வருவது அங்கே அழகு, உங்கள் தொழிலில் அதுவே நஷ்டம்.

வெள்ளிப் பவுச் பற்றி. கடைகளில் வெள்ளி என்று சொல்வது பெரும்பாலும் அலுமினியத் தகடு அல்ல. 12 மைக்ரான் பாலியெஸ்டரின் மேல் அலுமினிய ஆவி படியவைத்து, உள்ளே பாலிஎத்திலீனோடு ஒட்டியது. பாலியெஸ்டர் பக்கம் அச்சிடுவது எளிது, அதன் அளவே 42க்கு அருகில் இருக்கும். ஆனால் மை மாற்ற வேண்டும், பாலிஎத்திலீனுக்கான மை அங்கே சரியாக நிற்காது. மை விற்பவரிடம் ஃபிலிமின் துண்டைக் கொடுத்துக் கேளுங்கள். உண்மையான அலுமினியத் தகடு என்றால் பிரச்சினை வேறு: உருட்டும்போது பூசிய எண்ணெய் மேலே எஞ்சியிருக்கும். சூளையில் பதப்படுத்திய மென்தகட்டில் அது எரிந்து போயிருக்கும். சூளைக்குப் போகாத விறைப்புத் தகட்டில் இருக்கும். அதற்குமேல், மை பிடிக்க முதலில் போடும் பிரைமர் பூச்சு ஒன்றும் வேண்டும். உங்கள் இரண்டு நிற இயந்திரத்தில் ஒரு நிற இடத்தைப் பிரைமருக்குக் கொடுத்துவிட்டு ஒற்றை நிறத்தில் அச்சிட ஆச்சி ஒப்புவாரா? சந்தேகம்தான்.

கேஸ் தீ. நண்பர் சொன்னது முழுப் பொய் இல்லை. பாலிபுரொப்பிலீன் டப்பா, பாட்டில், கப் இவற்றுக்கு நீலத் தீயை நொடிக்கும் குறைவான நேரம் காட்டித்தான் ஆலைகளில் அச்சிடுகிறார்கள். ஆனால் அங்கே காற்றும் எரிவாயுவும் அளந்து கலந்து, ஓட்ட வேகத்தோடு பூட்டிய பர்னர் இருக்கும். 50 மைக்ரான் ஃபிலிமில் கையால் தீ காட்டினால் சுருங்கி ஓட்டை விழும். அதைவிட முக்கியம், உங்கள் அறையில் எத்தில் அசிடேட் ஆவி நிறைந்திருக்கிறது. தீக்குச்சி கூட உரசக்கூடாத இடம் அது.

அதே காரணத்துக்காக ட்ரீட்டரும் மைத் தொட்டியிலிருந்து தள்ளி இருக்கட்டும், அதுவும் பொறிதான். அது ஓடும்போது இடி மின்னல் நாளில் வருவது போன்ற ஒரு காரமான மணம் வரும், ஓசோன். 8 மணி நேர வேலைக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை பத்து லட்சத்தில் 0.1 பங்கு, மணம் நன்றாகத் தெரிகிறதென்றாலே ஓசோனை வெளியேற்றும் போக்கி சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயை வீட்டு வளவுப் பக்கம் திருப்பிவிடாமல் கூரைக்கு மேல் கொண்டுபோங்கள். ஓசோன் உங்கள் ரப்பர் உருளைகளையும் வெடிக்கவைக்கும். அந்த அழுத்த உருளை தேய்ந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

புது ரோல் வந்து ஓட்டியதும் மொத்த வேலையையும் ஒரேயடியாக அனுப்பாதீர்கள். முதலில் இருபது பவுச் கொண்டுபோய்க் கொடுத்து, முறுக்குப் பிழிந்த எண்ணெய்க் கையோடு நன்றாகக் கசக்கித் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆச்சி ஒப்பிய பிறகு இயந்திரத்தை ஓட்டுங்கள்.